பரிசில்லாத பந்தயம்

புளோரிடா மாநிலத்தின் டேட்டோனா பன்னாட்டு ஸ்பீட்வேயில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் இருக்கைகள் உள்ளன. பிப்ரவரியில் டேட்டோனா 500 பந்தயம் நடைபெறும் நாளில் அந்த அரங்கம் நிரம்பி வழியும். அதே தடத்தில், வேறு சில வார இறுதிகளில், வேறொரு வகைப் பந்தயமும் நடைபெறுகிறது. அப்போது அந்த இருக்கைகளில் அநேகமாக எவரும் அமர்ந்திருப்பதில்லை. காரோட்டுபவர்கள் பல் மருத்துவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள். திங்கட்கிழமை காலை அவரவர் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். வென்றவருக்கு ஒரு சிறு கோப்பை கிடைக்கும். தோற்றவருக்குத் தேய்ந்த டயர்கள் மிஞ்சும். இருவருமே கட்டணம் செலுத்தித்தான் தடத்தில் இறங்கியிருக்கிறார்கள்.

இவர்களை 'அமெச்சூர்' என்று அழைப்பது வழக்கம். லத்தீன் மூலத்தில் அச்சொல்லுக்கு 'நேசிப்பவர்' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, காலப்போக்கில் அது 'அரைகுறை' என்னும் பொருளையும் ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழக வளாகங்களில் இரண்டாம் பொருளே நிலைத்துவிட்டது. ஓர் ஆய்வேட்டைப் பற்றி 'அமெச்சூர்தனமானது' என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் இழிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேசம் ஒழுங்குக்கு எதிரானது, கூலி பெறாதவரிடம் கறார்த்தன்மை இருக்காது என்பது அந்த வசையின் உட்பொருள். இந்த அனுமானம் சரிதானா என்று சோதித்துப் பார்க்க டேட்டோனாவின் சங்கப் பந்தயம் எதிர்பாராத, ஆனால் பொருத்தமான ஓர் இடம்.

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் 1944-இல் தொடங்கப்பட்டது. பழைய விளையாட்டுக் கார்கள் அழிந்துபோகாமல் காப்பாற்றுவதே அதன் தொடக்க நோக்கம். 1948-இல், கேமரன் ஆர்கெட்சிங்கர் என்னும் சட்ட மாணவரின் முயற்சியால், நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊரில் பொதுச் சாலைகளிலேயே பந்தயம் நடத்தப்பட்டது. தடம் ஊரின் கடைத்தெரு வழியாகச் சென்றது. ரயில் பாதையைக் கடந்தது. பந்தயத்துக்காக ரயில்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அந்த உற்சாகத்துக்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1952-இல் ஒரு கார் சாலையோரக் கூட்டத்தை மோதியதில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான், பலர் காயமடைந்தனர். பொதுச் சாலைகளில் பந்தயம் நடத்தும் காலம் அத்துடன் முடிவுக்கு வரத் தொடங்கியது.

அப்போது கைகொடுத்தவர் விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமே. அவரும் கார்ப் பித்தர். 1952 முதல் 1954 வரை தம் ஆளுகைக்குட்பட்ட குண்டுவீச்சு விமானத் தளங்களின் ஓடுபாதைகளைச் சங்கத்துக்குத் திறந்துவிட்டார். அரசியல் எதிர்ப்பு எழவே அந்த ஏற்பாடும் நின்றது. அதன்பிறகே ரோடு அமெரிக்கா, லைம் ராக், லகுனா சேகா போன்ற நிரந்தரத் தடங்கள் 1950களில் அடுத்தடுத்து உருவாயின. இக்காலம் முழுவதும் பரிசுப் பணம் கூடாது என்ற கொள்கையைச் சங்கம் பிடிவாதமாகக் கடைப்பிடித்தது. 1960களின் தொடக்கத்தில்தான் தொழில்முறைப் பந்தயங்களை நடத்தவும் அது முன்வந்தது. ஆயினும் அமெச்சூர் கிளை பட்டுப்போகவில்லை. அதன் தேசிய சாம்பியன் போட்டி 1965, 1967, 1969 ஆகிய ஆண்டுகளில் டேட்டோனாவில் நடைபெற்றது. நெடுங்காலத்துக்குப் பிறகு 2015-இல் மீண்டும் அங்கு வந்தது.

டேட்டோனாவின் தடம் இரண்டு குணங்கள் கொண்டது. 1959-இல் திறக்கப்பட்ட நீள்வட்டத்தின் வளைவுகள் 31 பாகை சாய்ந்து நிற்கின்றன. அந்தச் சாய்வை எழுப்ப மண் தோண்டிய பள்ளமே இன்று அரங்கத்தின் நடுவே ஏரியாகக் கிடக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடும் சாலைத் தடம் 3.56 மைல் நீளமுடையது. அது நீள்வட்டத்திலிருந்து இடப்புறம் பிரிந்து, சமதரையில் குறுகலான வளைவுகளாகச் சுற்றி, மீண்டும் சாய்தளத்தில் ஏறுகிறது. ஆகவே ஒரே சுற்றில் இரண்டு தேர்வுகளை எழுத வேண்டியிருக்கிறது.

சாய்தளத்தின் இயற்பியல் எளிமையானது, அழகானது. வளைவின் ஆரம் ஏறத்தாழ 300 மீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால், மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் பக்கவாட்டுப் பிடி ஏறக்குறைய தேவையே இல்லை. தளத்தின் சாய்வே காரைத் திருப்பிவிடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரில் தளம் காரைத் தாங்கும் விசை அதன் இயல்பான எடையைப்போல் சுமார் 1.4 மடங்காகிறது. சுருள்வில்கள் அமுங்குகின்றன, ஓட்டுநரின் உடல் இருக்கையில் அழுத்தப்படுகிறது. இந்தச் சுமையைத் தாங்க வில்களைக் கடினமாக்கினால், உட்பகுதியின் சமதரை வளைவுகளில் கார் பிடிப்பை இழக்கும். உட்பகுதிக்காக இறக்கைகளைச் செங்குத்தாக நிறுத்தினால், சாய்தளத்தில் காற்றின் தடை வேகத்தைத் தின்றுவிடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விடைதான் எழுத முடியும். அந்த விடை எதுவாயினும் எங்கோ ஓரிடத்தில் பிழையாகத்தான் இருக்கும். எங்கே பிழையை ஏற்றுக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பதே அங்குத் திறமை.

இன்னொரு விதியும் அங்கு ஆட்சி செய்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாகவும் உயர்கின்றன. சிறிய எஞ்சின் கொண்ட சங்கக் கார் ஒன்று தன் வலிமையால் மட்டும் இந்தக் கணக்கை மீற முடியாது. 'ஃபார்முலா வீ' என்னும் வகை, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினையும் உறுப்புகளையும் கொண்டு உருவானது. 'ஸ்பெக் மியாட்டா' வகையில் அனைவரும் ஏறத்தாழ ஒரே மாதிரியான மாஸ்டா கார்களையே ஓட்டுகிறார்கள். சம வலிமையுள்ள இத்தகைய கார்கள் நீண்ட சாய்தளத்தில் தனியே தப்பி ஓட இயலாது. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் செல்லும்போது முன்காரின் பின்னே காற்று மெலிகிறது. இரண்டுமே தனித்து ஓடுவதைவிட வேகமாக ஓடுகின்றன. போட்டியாளரை உதறிவிட்டுத் தனியே சென்றவர் பின்தங்குகிறார். கடைசிச் சுற்றில் முதலிடத்தில் இருப்பதே ஆபத்தாகிறது. கோட்டுக்குச் சற்று முன் பின்னிருப்பவர் வெளிவந்து முந்திவிடலாம். எதிராளியின்றித் தன் எல்லையையே ஒருவர் எட்ட முடியாது என்னும் உண்மையை அந்தத் தடம் உருவகமாக அன்றி எண்களாகவே காட்டிவிடுகிறது.

கார்கள் சமமாக இருப்பது தற்செயல் அன்று. பணம் படைத்தவர் வெற்றியை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே விதிநூல்கள் பெருத்திருக்கின்றன. சில வகைகளில் எஞ்சின்களுக்கு முத்திரையிட்டுவிடுகிறார்கள்; உரிமையாளரே அதைத் திறக்கக் கூடாது. பந்தயம் முடிந்ததும் முன்னணிக் கார்கள் தனியிடத்தில் நிறுத்தப்பட்டு, எடையும் அளவுகளும் சரிபார்க்கப்படுகின்றன. ஒருவரின் காரில் விதிமீறல் இருப்பதாகச் சக ஓட்டுநர் ஐயுற்றால் எழுத்து வடிவில் முறையீடு செய்யலாம். எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், அதற்காகும் செலவை முறையிட்டவர் முன்பணமாகக் கட்ட வேண்டும். கார் குற்றமற்றது என்று தெரிந்தால் அந்தப் பணம் அவருக்குத் திரும்பாது. ஐயத்துக்கு உரிமை உண்டு. அதற்கு விலையும் உண்டு. முகம் காட்டாமல் ஒருவரின் பல்லாண்டு உழைப்பை இரண்டு வரிகளில் நிராகரிக்கும் மதிப்பீட்டு முறைக்குப் பழகிப்போன கல்வியுலகம், இந்தக் கோப்பையில்லாத கறார்த்தனத்தைச் சற்று நின்று கவனிக்கலாம்.

நேசத்தின் கறார்த்தன்மைக்கு ஜேனட் கத்ரியின் வாழ்க்கை நல்ல சான்று. 1960-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்று, விமானத் தயாரிப்பு நிறுவனமொன்றில் ஆய்வுப் பொறியாளராகப் பணியாற்றியவர். 1963 முதல் தம் சொந்த ஜாகுவார் காரில் சங்கப் பந்தயங்களில் கலந்துகொண்டார். அதன் எஞ்சினைத் தாமே பிரித்துச் சீரமைத்தார். பத்தாண்டுகளுக்கும் மேலான அந்த உழைப்புக்குப் பிறகே பெரும் பந்தயங்களின் கதவு திறந்தது. 1977-இல் இண்டியானாபொலிஸ் 500, டேட்டோனா 500 ஆகிய இரண்டிலும் ஓட்டிய முதல் பெண் ஆனார். டேட்டோனாவில் 12-ஆம் இடம் பெற்றார். ஒரு பெண்ணுக்கு இதற்கான உடல்வலிமை இருக்குமா என்று அன்று பகிரங்கமாகவே கேட்டார்கள். பதில் அவர் அமெச்சூராகக் கழித்த ஆண்டுகளில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

இதைவிட ஆழமான இன்னொரு சான்று ஓட்டுநர்களின் தோள்மீதே இருக்கிறது. 1981-இல், பேட்ரிக் ஜாக்மார் என்னும் ஓட்டுநர் மிட்-ஒஹாயோ தடத்தில் சோதனை ஓட்டத்தின்போது இறந்தார். இருக்கைப் பட்டைகள் உடலைப் பிடித்துக்கொண்டன. தலையும் தலைக்கவசமும் முன்னோக்கிப் பாய்ந்தன. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது. அவருடைய நண்பரான ஓட்டுநர் ஜிம் டவுனிங், தம் மைத்துனரான ராபர்ட் ஹப்பர்டிடம் இந்தச் சிக்கலைக் கொண்டு சென்றார். ஹப்பர்ட் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரி இயந்திரவியல் பேராசிரியர். இருவரும் சேர்ந்து தோள்களின்மீது பட்டைகளுக்கு அடியில் அமர்ந்து, தலைக்கவசத்தை வார்களால் பிடித்துக்கொள்ளும் கழுத்துப்பட்டை போன்ற ஒரு கருவியை உருவாக்கினர். 'ஹான்ஸ்' என்று அதற்குப் பெயர். சோதனைகள் அது பயனுள்ளது என்று காட்டிய பிறகும் பந்தய உலகம் பல்லாண்டு அதைப் பொருட்படுத்தவில்லை. பெரிதாக இருக்கிறது, அணியச் சிரமம் என்றார்கள்.

2001 பிப்ரவரி 18 அன்று, டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், புகழின் உச்சியில் இருந்த டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அதே வகை எலும்பு முறிவு. அவர் அந்தக் கருவியை அணிந்திருக்கவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் நாஸ்கார் அமைப்பு தலையையும் கழுத்தையும் காக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. இன்று அதே சாய்தளத்தில் ஏறும் பல் மருத்துவரும் பள்ளி ஆசிரியரும் அத்தகைய ஒன்றை மாட்டிக்கொண்டுதான் காரில் அமர்கிறார்கள். ஒரு நண்பனின் மரணத்தை மறக்க இயலாத ஓட்டுநரும், அதை ஆய்வுக் கேள்வியாக ஏற்ற ஆசிரியரும் தொடங்கிவைத்த வேலை அது. அவர்களுக்கு எவரும் பணித்திட்டம் வகுத்துக் கொடுக்கவில்லை.

இந்த உலகைத் தூயதாகக் காட்டுவது நேர்மையாகாது. மிக மலிவான வகையிலும் காரும் டயரும் எரிபொருளும் இழுவை வண்டியும் பெருஞ்செலவு. நேசிக்கும் உரிமை அனைவருக்கும் இருக்கிறது. அதற்கான வசதி அனைவருக்கும் இல்லை. தொடக்கக் காலச் சங்கங்களின் 'பரிசு வேண்டா' என்ற பெருமிதத்தில், பரிசு தேவைப்படாதவர்களின் வர்க்க மமதையும் கலந்திருந்தது. உழைத்துப் பிழைக்கும் ஓட்டுநருக்கு அந்த விதி ஒரு வேலியாகவும் நின்றது. எரிக்கப்படும் பெட்ரோலைப் பற்றிய கேள்வியும் நியாயமானதே. கல்வியுலகிலும் ஊதியமில்லா உழைப்பைப் புகழும் குரல் சில வேளைகளில் ஊதியம் தர மறுப்பவரின் குரலாகவே இருக்கிறது. நேசத்தைக் காரணங்காட்டி ஒருவரின் கூலியைப் பறிப்பது வேறு. கூலியால் அளக்க முடியாத ஒன்று வேலைக்குள் இருப்பதை மதிப்பது வேறு.

அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுபவர்கள் காரோட்டுபவர்கள் அல்லர். தடத்தின் ஒவ்வொரு வளைவிலும் கொடிகளுடன் நிற்கும் தன்னார்வலர்களே. அவர்களுக்குக் கோப்பையும் இல்லை, ஓட்டும் இன்பமும் இல்லை. விடியற்காலையில் வந்து, வெயிலிலும் மழையிலும் நாள் முழுதும் நிற்கிறார்கள். மஞ்சள் கொடி ஆபத்தைச் சொல்லும். நீலம் பின்னால் வேகமான கார் வருவதைச் சொல்லும். மஞ்சளும் சிவப்பும் கோடுகளிட்ட கொடி தளம் வழுக்குவதைச் சொல்லும். கறுப்பு ஓட்டுநரைத் தடத்திலிருந்து திரும்ப அழைக்கும். ஒருவர் வரும் கார்களைப் பார்த்து நிற்பார். மற்றவர் கடந்து செல்லும் கார்களைப் பார்த்து நிற்பார். தம் முதுகுக்குப் பின்னால் நடப்பதற்கு ஒவ்வொருவரும் மற்றவரின் கண்களையே நம்பியிருக்கிறார்கள். கார் தீப்பிடித்தால் முதலில் ஓடுபவர்களும் அவர்களே. மணிக்கு 200 கிலோமீட்டரில் வளைவுக்குள் நுழையும் ஓட்டுநருக்கு அப்பால் என்ன கிடக்கிறது என்று தெரியாது. மஞ்சள் கொடி அசையவில்லை என்பதை மட்டும் நம்பி அவர் வேகத்தைக் குறைக்காமல் செல்கிறார்.

பிறருடைய ஆய்வேட்டைப் பொறுமையாகப் படித்துப் பிழை குறிப்பவர், அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பவர், பதவி உயர்வுப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியாத உதவிகளை ஆண்டுக்கணக்கில் செய்பவர் ஆகியோரால்தான் அறிவுலகமும் நிற்கிறது. அவர்கள் அரைகுறைகள் அல்லர். மதிப்பெண் தரும் அமைப்புக்குத் தெரியாத ஒரு கறார்த்தன்மை அவர்களிடம் இருக்கிறது.

கட்டங்கள் நிறைந்த கொடி விழுந்த பிறகு, கார்கள் மெதுவாக இன்னொரு சுற்று வரும். எஞ்சின் ஆறுவதற்கான சுற்று அது. அப்போது வளைவுகளில் நிற்பவர்கள் தங்கள் எல்லாக் கொடிகளையும் சேர்த்து வீசுவார்கள். முதலாவதாக வந்தவரும் கடைசியாக வந்தவரும் ஒவ்வொரு வளைவிலும் கையை உயர்த்தி அவர்களுக்கு நன்றி சொல்லியபடி கடந்து போவார்கள். விதிநூல் கட்டாயப்படுத்தாத வழக்கம் அது. ஆயினும் பெரும்பாலும் எவரும் அதைத் தவறவிடுவதில்லை.