ஆளுக்கு ஒரு ஓட்டு

வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான். "நீங்க என்ன ஆளுங்க?" சொன்னால், "சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இல்லீங்க" என்பார்கள். சொல்லாமல் குடிபோன வீட்டில் மாட்டுக்கறி ஆக்கும்போது அம்மா ஜன்னலைச் சாத்துவாள். தெரிந்ததும் காலி பண்ணச் சொல்வார்கள். நாலு வீடு மாறினோம்.

அப்பா ரிட்டையர் ஆன பணத்தில், உறுப்பினர்களே நடத்தும் ஒரு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தில் அம்மா பேரில் பங்கு வாங்கி வீடு எடுத்தோம். வெளியே போ என்று சொல்ல அங்கே வீட்டுக்காரன் இல்லை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். முதல் பேரவைக் கூட்டத்திலேயே கைநாட்டு வைக்கிற அம்மா எழுந்து கேட்டாள்: "மோட்டார் ரிப்பேர்னு எழுதியிருக்கீங்க, பில்லு எங்க?" தலைவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

ஆனால் ஓட்டு உள்ளே இருப்பவனுக்குத்தான். யாரை உள்ளே விடுவது என்பதைத் துணைவிதி தீர்மானிக்கிறது. அகமதாபாத்தில் பார்சிகளை மட்டுமே சேர்க்கும் ஒரு வீட்டுச் சங்கத்தின் துணைவிதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒரு சிறுபான்மை தனக்குப் போட்ட வேலி. அதையே ஆதிக்க சாதி போட்டால்? ஊர் வேறு, சேரி வேறு என்ற கோடு பதிவு எண்ணோடு வந்துவிடும்.

கூட்டுறவுச் சங்கம் அமைப்பது 2012 முதல் அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை. அந்த உரிமையை நாமும் எடுத்துக்கொள்வோம். சங்கம் கட்டுவோம், துணைவிதியை நாமே உட்கார்ந்து எழுதுவோம். அதில் "என்ன ஆளுங்க" என்ற கேள்விக்கு இடம் இருக்கக் கூடாது.