ஏலாக்குறிச்சிக்கு ஒரு கல்விப் பயணம்

 

மாணவர்களை விமானத்தில் ஏற்றி இத்தாலிக்கும் பிரான்சுக்கும் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளிகள் இன்று நம் நாட்டிலேயே இருக்கின்றன. எங்கள் மதரஸாவுக்கு அத்தகைய வசதி ஏது? ஒரு நாள் வேன் வாடகைக்கே நிர்வாகத்தாரிடம் மூன்று முறை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. “ஓதும் பிள்ளைகளுக்குக் கோட்டையும் கல்மரமும் எதற்கு ஹஜ்ரத்?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கேள்வியில் தவறில்லை. பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி திருமறையே பல இடங்களில் நம்மை ஏவுகிறதல்லவா என்று பணிவுடன் கூறினேன். அவர் சிரித்துக்கொண்டே, “சரி, மஃரிபுக்குள் திரும்பிவிடுங்கள்” என்று இசைந்தார்.

இத்தாலிக்கு நாங்கள் செல்ல இயலாவிட்டாலும், இத்தாலியிலிருந்து ஓர் ஆசிரியர் 300 ஆண்டுகளுக்கு முன்னரே நம் அரியலூர்ச் சீமைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியைக் காண்பதே எங்கள் பயணத்தின் நோக்கம். வழியில் இரண்டு இடங்களையும் பார்த்துக்கொள்வதாகத் திட்டம்.

பதினான்கு மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏழாண்டுப் பாடத்தில் ஐந்தாம் ஆண்டு ஓதுபவர். அரபு இலக்கணத்தில் வகுப்பிலேயே முதல்வர். அவருக்கு வளைகுடாவில் ஒரு கடையில் வேலைக்கு விசா வந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் பயணம். அக்காளின் திருமணக் கடன் நிற்கிறது, அத்தாவோ உடல்நலம் குன்றி வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்டார். “இரண்டே ஆண்டு பொறுங்கள், பட்டம் பெற்றுவிடட்டும்” என்று கேட்க அவர் வீட்டுக்குச் சென்றேன். அந்த அத்தா கடன் சீட்டுகளை எடுத்து என் முன்னால் பாயில் பரப்பினார், ஒன்றும் பேசவில்லை. நானும் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். பணம் தர முடியாதவன் வேறு என்ன பேசுவது?

பஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பெரம்பலூருக்கு வடக்கே 17 கிலோமீட்டர் தொலைவில், சென்னை செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. கர்நாடக நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பர். அகழியும் அரைவட்டக் கொத்தளங்களும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக எழும் மதில்களும் இன்றும் பார்க்கத்தக்கவை. 1751-இல் நவாபு பதவிக்காகச் சந்தா சாகிபும் முஹம்மது அலியும் மோதியபோது, ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரரும் மற்றவருக்கு ஆங்கிலேயரும் துணை நின்ற போர் இந்தப் பகுதியில்தான் நடந்தது. அடுத்த ஆண்டே சந்தா சாகிபு தஞ்சைப் படைத்தலைவரின் கையில் சிக்கி உயிரிழந்தார். இரு முஸ்லிம் தலைவர்களின் சண்டையில் வென்றவன் யார் என்பதை வரலாறு அறிந்தோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சந்தா சாகிபின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மீண்டும் வருவார்.

அங்கிருந்து திரும்பிப் பெரம்பலூரைக் கடந்து சாத்தனூருக்குச் சென்றோம். கல்லாகிப்போன மரம் ஒன்று அங்கே வேலிக்குள் கிடக்கிறது. நீளம் 18 மீட்டருக்கும் மேல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதை உலகுக்கு அறிவித்தார். பூக்கும் மரங்கள் பெருகிப் பரவுவதற்கு முந்திய ஊசியிலை இனத்தைச் சேர்ந்த மரமாம். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது என்று அறிவிப்பு கூறுகிறது. அக்காலத்தில் கடல் இந்தப் பகுதிவரை ஏறியிருந்தது. ஆறு அடித்துவந்த மரம் கடலடி மணலில் புதைந்தது. மரத்தின் நாரும் சதையும் இருந்த இடத்தில் சிலிக்கா என்ற மணற்சத்து நீரில் கரைந்து வந்து மெல்ல மெல்லக் குடியேறியது. மரம் போய்விட்டது, அதன் வடிவம் மட்டும் கல்லாக நின்றுவிட்டது.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு முறை நடந்து பார்த்த ஓர் இளம் மாணவர், “12 கோடி என்று யார் ஹஜ்ரத் எண்ணினார்?” என்று கேட்டார். நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் எனக்குத் தொலைவு. பாறை அடுக்குகளையும் அந்தந்த அடுக்கில் கிடைக்கும் சிப்பி, நத்தை வகைகளையும் ஒப்பிட்டுக் காலம் கணிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். “அப்படியானால் மரத்துக்கும் ஸனது பார்க்கிறார்கள்” என்றார் அவர். அறிவிப்பாளர் வரிசையைச் சோதித்து ஹதீஸை ஏற்பது போலத்தான் என்பது அவருடைய கருத்து. இந்த ஒப்புமை முற்றும் சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வேன் வாடகை வீண்போகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அரியலூரை நெருங்கும்போது சாலையெங்கும் சுண்ணாம்புக்கல் லாரிகள். இங்குள்ள சிமெண்டு ஆலைகள் அரைப்பதெல்லாம் அந்தப் பழங்கடலின் படிவுதான். சிப்பி, கடல் முள்ளெலி, சுறாப்பல், ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட் ஆகிய யாவும் இம்மண்ணில் கிடைக்கின்றன. ஸ்டோலிஸ்கா என்ற ஐரோப்பிய அறிஞர் 1860-களிலேயே இவற்றை ஆராய்ந்து பெரும் நூல் தொகுதிகள் எழுதினார். 2020-இல் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று கைப்பேசியெங்கும் செய்தி பறந்ததே, நினைவிருக்கிறதா? அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகளே என்று அறிந்தோர் பின்னர் விளக்கினார்கள். முதற்செய்தியை எனக்கு அனுப்பிய உறவினர்களில் ஒருவர்கூட இரண்டாம் செய்தியை அனுப்பவில்லை.

அரியலூரில் லுஹர் தொழுது, கொண்டுபோன தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தெற்கு நோக்கிச் சென்றோம். கொள்ளிடத்தின் வடபுறத்தில், பசுமைக்கு நடுவே அமைதியாக இருக்கிறது ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் என்று அந்த இத்தாலியர் அதற்குப் பெயர் சூட்டினார். அடைக்கல மாதா ஆலயம் அங்கே புகழ்பெற்றது. நாங்கள் வெளியில் மர நிழலில் அமர்ந்துகொண்டோம். தொப்பியணிந்த பதினான்கு பேரைக் கண்ட காவலர் ஒருவர் தாமாகவே வந்து, குடிநீர்க் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுச் சென்றார்.

அந்த ஆசிரியர் யார் என்று இனியும் உங்களைக் காக்கவைக்க மாட்டேன். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நம் பாடநூல்கள் வீரமாமுனிவர் என்று சொல்பவர். 1680-இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். கிறித்தவ இயேசு சபைத் துறவியாகக் கப்பலேறி, 1711-இல் தமிழகம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பது. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். தம் மதத்தைப் பரப்பவே வந்தார். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தரங்கம்பாடியிலிருந்த புராட்டஸ்டண்டுச் சகோதரர்களோடு அவர் எழுத்தில் நடத்திய சண்டையில் சொற்கள் மென்மையாகவும் இல்லை. கொள்கையில் நமக்கும் அவருக்கும் இடையிலுள்ள தூரத்தை என் மாணவர்கள் நன்கறிவார்கள்.

நான் அவர்களைக் கவனிக்கச் சொன்னது வேறொன்றை. கற்பிக்க வந்த ஆசிரியர், வந்த இடத்தில் முதலில் மாணவராகி உட்கார்ந்தார். பதினைந்தே ஆண்டுகளில், 1726-இல், 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை இயற்றினார். 1730-இல் தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணம். 1732-இல் சதுரகராதி. அதற்கு முன்னர் தமிழில் சொற்பொருள் அறிய நிகண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டும். சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கி, வேண்டியதைத் தேடி எடுக்கும்படி செய்தது இந்த அகராதி. நாம் அரபு அகராதியைப் புரட்டுகிறோமே, அந்த வசதியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஓர் அந்நியர்.

எழுத்திலும் அவர் கை வைத்தார். ஓலையில் எழுதியோர் புள்ளியிடுவதில்லை. ஆகையால் ‘மெல்’, ‘மேல்’ இரண்டும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். தமிழிலேயே பிறந்தவனுக்கு இது தொல்லையாகத் தோன்றாது. இடம் பார்த்துப் படித்துவிடுவான். வெளியிலிருந்து வந்தவனுக்கே இடறும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியும்படி இரட்டைச்சுழிக் கொம்பை அவர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இந்தப் பக்கத்தை நீங்கள் படிப்பதும் அந்த வடிவில்தான்.

இதைக் கேட்டதும் மாணவர்களின் முகத்தில் ஒளி வந்தது; ஏனெனில் இது அவர்கள் அறிந்த கதை. தொடக்ககால அரபு எழுத்திலும் புள்ளியும் இல்லை, ஜபர் ஜேரும் இல்லை. அரபியர் அல்லாத மக்கள் இஸ்லாத்தில் நுழைந்து ஓதுதலில் பிழை நேர்ந்தபோதுதான் அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் உயிர்க்குறிகளுக்கு வழிவகுத்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தோர் எழுத்துகளுக்குப் புள்ளியிட்டார்கள்.

உமறுப் புலவரைப் பற்றியும் பேச்சு வந்தது. புலவர் 1703-இல் மறைந்தார் என்பர். எட்டு ஆண்டுகள் கழித்து பெஸ்கி வந்து இறங்குகிறார். ஒருவர் சீறாவில் அரபு நாட்டையும் மற்றவர் தேம்பாவணியில் யூதேயாவையும் பாடுகையில், இருவருமே பாலை நிலத்தை ஆறும் வயலும் நிறைந்த தமிழ் மண்ணாக்கிவிடுகிறார்கள். காவியத்தின் பாட்டுடைத் தலைவர் யாராயினும் நாட்டுப் படலத்தில் நெல் விளைந்தாக வேண்டும் போலும்!

சந்தா சாகிபு மீண்டும் வருவார் என்றேனே. பெஸ்கியின் வரலாற்றை 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய முத்துசாமிப் பிள்ளை, நவாபைக் காண்பதற்காகவே அவர் மூன்றே மாதத்தில் பார்சியும் உருதும் கற்றார் என்றும், மகிழ்ந்த சந்தா சாகிபு ‘இஸ்மத் சந்நியாசி’ என்று பட்டமளித்துத் திவானாக அமர்த்தினார் என்றும் கூறுகிறார். பிற்கால ஆய்வாளர்கள் இதை ஐயுறுகிறார்கள். எனக்கும் மூன்று மாதம் என்பதில் நம்பிக்கையில்லை. ஆனால் ‘இஸ்மத்’ என்ற அரபுச் சொல்லும் ‘சந்நியாசி’ என்ற வடசொல்லும் சேர்ந்து, தமிழ் மண்ணில் ஓர் இத்தாலியருக்குப் பட்டமாயின என்ற கதையை எவர் கற்பித்திருந்தாலும் அவர் இந்தச் சீமையை நன்கறிந்தவர்.

பரமார்த்த குருவின் கதையையும் சொன்னேன். ஆறு விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்ப்பதும், கரையேறியபின் தன்னை விட்டுவிட்டுப் பிறரை எண்ணி ஒருவன் குறைகிறான் என்று அழுவதுமான அந்த மூடச் சீடர்களைத் தமிழில் நடமாட விட்டவரும் இவரே. ஓர் ஆசிரியர் ஆசிரியரையே கேலி செய்து எழுதியதில் மாணவர்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சற்று அதிகம் என்றே எனக்குத் தோன்றியது.

அஸர் தொழுகைக்கு உளூச் செய்யக் குழாயடிக்குச் சென்றபோது, விசா வந்த அந்த மாணவர் என்னருகே வந்தார். “ஹஜ்ரத், அங்கே நான் அரபியில் பேசினால் சிரிப்பார்களா?” என்றார்.

எட்டு நாளாக என்னிடம் முகங்கொடுக்காதவர். விசாச் செய்தி வந்த அன்று நான் வகுப்பில் சினந்து, “ஐந்து வருஷ ஓதலைக் கடைக்கல்லாவில் போட்டுவிட்டாய்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தேன். அத்தாவின் கடன் சீட்டுகளைப் பார்த்தபின் அந்தச் சொல் எனக்கே முள்ளாகிவிட்டது.

ஆகையால் உண்மையைச் சொன்னேன். “சிரிப்பார்கள். பதினெட்டு ஆண்டு இலக்கணம் கற்பித்த நான் உம்ராவுக்குச் சென்றபோது, கடைக்காரரிடம் கிதாபு அரபியில் தண்ணீர் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஏதோ பதில் சொன்னார், அதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை” என்றேன். பிறகு ஸீபவைஹி அவர்களை நினைவூட்டினேன். அரபு இலக்கணத்தின் தலைமகனான அவர் பாரசீகர். ஹதீஸ் கற்க பஸராவுக்கு வந்து, ஆசிரியர் முன்னிலையில் இலக்கணப் பிழையாகப் படித்துத் திருத்தப்பட்டு நாணி, இனி எவரும் என்னைத் திருத்த இயலாத கல்வியைக் கற்பேன் என்று புறப்பட்டவர் என்பது நம் கிதாபுகளில் உள்ள செய்தி. “அன்று வகுப்பில் நான் சொன்னது தவறு. என்னை மன்னித்துக்கொள்” என்றும் கூறினேன். அவர் தலைகுனிந்து, குழாயை மூடிவிட்டு, என் கைகளைப் பற்றிக்கொண்டார்.

வேனில் ஏறியதும் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. “உங்களையும் எண்ணினீர்களா ஹஜ்ரத்?” என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல். வேன் முழுவதும் சிரிப்பு. மஃரிபு பாங்கு எங்கள் ஊர் எல்லையில் கேட்டது.

பத்தாம் நாள் அவர் விமானமேறினார். சென்று மூன்று வாரம் கழித்துக் கைப்பேசியில் அழைத்தார். “ஹஜ்ரத், நான் பயந்தது வீண். கடையில் வேலை செய்பவர்களும் மலையாளிகள், வாங்க வருவோரில் பாதிப்பேரும் மலையாளிகள். முதலில் மலையாளம் கற்க வேண்டியிருக்கிறது” என்றார். பின்னர், தாம் விட்டுச்சென்ற நஹ்வுக் கிதாபை யாராவது வருபவரிடம் கொடுத்தனுப்ப இயலுமா என்று கேட்டார். அதன் அட்டை கிழிந்திருந்தது. பைண்டிங் செய்யக் கொடுத்திருக்கிறேன். ஷவ்வாலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே செல்கிறார், இன்ஷா அல்லாஹ்.