தண்டவாளம் நெடுக ஒரு நரம்புச் செய்தி

ஜீவனஹள்ளிக்கு ரயில் சத்தம் புதிதல்ல. பக்கத்திலேயே பெங்களூரு கிழக்கு நிலையம். ஜோலார்பேட்டைக்கும் கண்டோன்மெண்டுக்கும் இடையே 1864-இல் ஓடத் தொடங்கிய பாதை இது. கிழக்கு பெங்களூருவின் தமிழ்க் குடும்பங்கள் கல்யாணம் காட்சிக்கும் வைத்தியத்துக்கும் இதில்தான் போய் வருகின்றன. சென்னை சென்ட்ரல் வரை இதைப் பிடித்துக்கொண்டு போனால், நரம்பு தசையோடு பேசுவது எப்படி, அந்தப் பேச்சு எங்கே அறுந்துபோகிறது என்பதை ஊர் ஊராகப் பார்க்கலாம்.

கிருஷ்ணராஜபுரத்தில் ஏறும் பயணி மேல்படுக்கைக் கம்பியைப் பிடிக்கக் கை நீட்டுகிறார். கட்டளை அவருடைய நரம்பில் நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் வேகத்தில், மின்சாரமாக ஓடுகிறது. தசையை எட்டும் இடத்தில் ஓர் இடைவெளி. அகலம் சுமார் 50 நானோமீட்டர்தான். மின்சாரத்தால் அதைத் தாண்ட முடியாது. ஆற்றங்கரையில் வண்டியை விட்டுப் பரிசல் ஏறுவதுபோல், செய்தி அங்கே வேதிப்பொருளுக்கு மாறுகிறது. நரம்பு முனைக்குள் கால்சியம் பாய்கிறது. நுண்பைகள் விளிம்பில் ஒட்டித் திறந்து, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளைக் கொட்டுகின்றன. எதிர்க்கரையில் உள்ள ஏற்பிகள் அவற்றைப் பிடித்ததும் தசை சுருங்குகிறது. அடுத்த கணமே ஒரு நொதி அசிட்டைல்கோலினைச் சிதைத்து இடத்தைத் துப்புரவாக்கிவிடும்.

வேதிப்பொருளாலும் நரம்பு பேசும் என்று முதலில் காட்டியவர் ஓட்டோ லோவி. 1921-இல் ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அது மூழ்கியிருந்த திரவத்தை இன்னோர் இதயத்தின் மேல் விட்டார். நரம்பே தொடாத அந்த இதயமும் மெதுவாகத் துடித்தது. 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு பெற்றார்.

மாலூர், பங்காருபேட்டை தாண்டினால் இருபுறமும் தக்காளியும் காய்கறியும் விளையும் கோலார் நிலம். பிறகு குப்பம் வழியாக ஆந்திரத்தின் ஒரு மூலை. வயலுள்ள இடத்தில் எலி, எலியைத் தேடிப் பாம்பு. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்றுவலி, இமை கனத்துச் சரியும். அதன் நஞ்சு நரம்பு முனையையே சிதைத்துவிடுவதால் கொட்டுவதற்கு அசிட்டைல்கோலின் இருக்காது. நல்லபாம்பின் நஞ்சு எதிர்க்கரை ஏற்பிகளை அடைத்துக்கொள்ளும்.

மருத்துவர் கடிபட்டவரை மேலே பார்க்கச் சொல்லி இமையைக் கவனிப்பார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். எண்ணிக்கை குறையக் குறைய மூச்சுத் தசைகள் சோர்கின்றன என்று பொருள்.

ஏலகிரி மலையடியில் ஜோலார்பேட்டை. அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் என்று பாலாற்றங்கரை ஊர்களைக் கடந்தால் காட்பாடி. பாதி வண்டி காலியாகிற நிலையம். இறங்குகிறவர்களில் பலர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறவர்கள். இந்தியாவின் முதல் நரம்பறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது அங்கேதான்.

பூச்சிமருந்து குடித்தவர்களையும் அங்கே கொண்டுவருகிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து, துப்புரவு செய்யும் நொதியையே முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் தேங்கித் தேங்கி, எச்சில் வழிய, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்க, நெஞ்சில் சளி நிறையும். சளி அடங்கும்வரை அட்ரோபின் கொடுப்பார்கள். தசை செயலிழப்பை அது தீர்க்காது. அதற்குச் செயற்கைச் சுவாசம்தான் துணை. பிராலிடாக்ஸிம் என்ற முறிமருந்தை 1990-களில் சி.எம்.சி. ஒப்பிட்டுச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. உலகமே நம்பிய மருந்தைக் கேள்வி கேட்ட நேர்மை அது.

அரக்கோணம், திருவள்ளூர், பிறகு சென்ட்ரல். வாசலுக்கு எதிரே அரசுப் பொது மருத்துவமனை; பி.ராமமூர்த்தி 1950-இல் நரம்பறுவை சிகிச்சையைத் தொடங்கிய இடம். தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு நஞ்சை எடுத்து, முறிமருந்து தயாரிப்பாளர்களுக்குத் தருகிறது.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, முறிமருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையைச் சிதைத்த பிறகு, முறிமருந்தால் அதைத் திரும்பக் கட்ட முடியாது.