யமுனைக் கரையில் புள்ளிக் கோலம்

கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் விரைவு வண்டி ஏறத்தாழ இரண்டு நாள் ஓடி, தில்லியில் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் வந்து நிற்கிறது. இறங்கும் நம்மவர்க்கு அவ்வேளையில் மூட்டைகளை எண்ணிச் சரிபார்ப்பதே பெருங்கவலை. அந்நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் உமாயூன் சமாதி இருக்கிறது என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. இந்நகரில் பல ஆண்டு வாழ்ந்தும் அதனைக் காணாத அன்பர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. கண்டவர்களும் பெரும்பாலும் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்களே. நாங்கள் ஈண்டு எழுத விழைவது குவிமாடத்தைப் பற்றியன்று. அதன் கீழே சாளரங்களை அடைத்து நிற்கும் கற்பின்னல்களைப் பற்றியும், அவற்றைப் பேனாவால் ஏட்டில் வரைந்து பழகுவது பற்றியுமே எழுதுகிறோம்.

நாங்கள் ஓவியர் அல்லர். ரயில்வே அலுவலகப் பதிவேடுகளில் எண்களைப் பதிந்து பிழைப்பவர்கள். இப்பழக்கம் எங்கள் இல்லத்துக்குள் வந்தது பத்து வயது மகளின் பள்ளிப் பையோடுதான். அமெரிக்க நாட்டில் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் என்னும் இருவர் இருபதாண்டுகளுக்கு முன் ‘ஜென்டாங்கிள்’ என்ற பெயரில் ஒரு வரைமுறையைப் பரப்பினர். மூன்றரை அங்குலச் சதுரத் தாளொன்றில் நான்கு மூலையிலும் பென்சிலால் புள்ளி வைத்து, அவற்றை இணைத்து எல்லை கட்டுவார்கள். உள்ளே ஒரு மெல்லிய கோட்டை வளைத்து இழுத்துப் பரப்பைப் பல அறைகளாகப் பிரிப்பார்கள். பின்னர் அறைதோறும் ஒவ்வொரு வகைப் பின்னலைப் பேனாவால் நிரப்புவார்கள். அழிப்பான் கிடையாது, கோணிய கோடும் சித்திரத்தில் ஓர் உறுப்பே என்பது அவர்கள் கொள்கை. மகள் இதனைச் செய்து காட்டியபோது எங்களுக்கு உவகையும் உண்டாயிற்று, சிறிது நகைப்பும் உண்டாயிற்று. நான்கு புள்ளி வைத்துத் தொடங்கும் சித்திரத்தைக் கடல் கடந்த நாட்டிலிருந்தா நாம் கற்க வேண்டும்?

ஆயினும் மூன்றாம் மாடிக் குடியிருப்பில் வாழும் நமக்கு வாசல் ஏது? படிக்கட்டின் ஓரத்தில் காலையில் இடும் சிறு கோலத்தின் மேல் எட்டு மணிக்குள் இருபது செருப்புகள் நடந்துவிடுகின்றன. எவரையும் குறை கூறுவதற்கில்லை; அது பொதுவழி. எனவே ஏடே எங்கள் வாசல் ஆயிற்று. ஞாயிறுதோறும் கோடிடாத நோட்டுப் புத்தகங்கள் மூன்றை எடுத்துக்கொண்டு புறப்படலானோம்.

உமாயூன் சமாதியை எழுப்பியவர் அவருடைய பட்டத்தரசியார் பேகா பேகம். 1560-களில் தொடங்கிய பணி 1570-களின் முற்பகுதியில் நிறைவெய்தியது. செந்நிறக் கல்லையும் வெண்பளிங்கையும் சேர்த்து இழைத்த அம்மாளிகையில் ஆறு முனை விண்மீன் பலவிடங்களில் காணப்படும். சாளரப் பின்னல்களிலோ அறுகோணமும் விண்மீனும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, தொடக்கமும் முடிவும் தெரியாமல் படர்ந்து செல்லும். கண் அதனை ஒரு நொடியில் பார்த்து முடித்துவிடும். கைபேசியும் அவ்வாறே ஒரு நொடியில் படம் பிடித்துவிடும். பேனாவை எடுத்து உட்காரும்போதுதான் வினா எழுகிறது: எங்கிருந்து தொடங்குவது?

ஓரத்திலிருந்து தொடங்கினால் நான்காவது விண்மீன் வருவதற்குள் கோடுகள் கூடாமற் போகும். கல்தச்சன் ஓரத்திலிருந்து தொடங்கியவன் அல்லன். கவராயத்தால் ஒரு வட்டம் இட்டு, அதே அகலத்தைக் குறையாமல் வட்டத்தின் மேல் அடியெடுத்து வைத்தால், ஆறாம் அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். அந்த ஆறு புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு முக்கோணங்கள் பின்னி விண்மீன் பிறக்கும். அவ்வட்டத்தைச் சுற்றிலும் அதே அளவில் வேறு வட்டங்களை இட்டால் பின்னல் தானே பரவும். கோடு முற்றிய பின் வட்டங்கள் மறைந்துவிடும். கல்லில் நாம் காண்பது புள்ளியை அழித்துவிட்ட கோலம்.

இதனைக் கண்டு சொன்னவர் நாங்கள் அல்லர். திருநெல்வேலிச் சீமையில் தாமிரவருணிக் கரைச் சிற்றூர் ஒன்றில் வாழும் எங்கள் அன்னையார். மகள் தான் வரைந்த பக்கத்தைக் கைபேசியில் படமாக்கித் தன் ஆச்சிக்கு அனுப்பினாள். மறுமொழி அன்று மாலையே வந்தது.

“ஏட்டி, இது பதிமூணு புள்ளி, ஏழு வர ஊடு. நம்ம வாசல்ல போடுறதுதாம்லா!”

நேயர்களில் கோலம் அறிந்த பெண்மணிகளுக்கு இது விளங்கியிருக்கும். ஏனையோர்க்காகச் சொல்கிறோம். நடுவரிசையில் 13 புள்ளி. அதற்கு மேலும் கீழும், முந்திய வரிசையின் இடைவெளிக்கு நேராக 12, 11 என்று குறைந்து 7-இல் நிற்கும். எண்ணிப் பார்த்தால் 127 புள்ளிகள். வடிவம் ஓர் அறுகோணம். அதன் மூலைப் புள்ளிகள் ஆறனையும் ஒன்றுவிட்டு ஒன்று சேர்த்தால், உமாயூன் சமாதியின் விண்மீன்தான். தச்சன் கவராயத்தால் அடைந்த இடத்தை நம் பெண்கள் விரலிடுக்கில் வழியும் மாவினால் அடைந்திருக்கிறார்கள். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பரப்பை ஒழுங்காக நிரப்ப முனைந்தால் இருவரும் வந்து சேரும் இடம் அது. கோலத்துக்குள் கணிதம் உண்டு என்பதும் புதுச்செய்தி அன்று. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி முதலியோர் 1970-களில் அதனை முறைப்படி ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

அதன்பின் ஆக்ராவுக்குச் சென்றோம். தாஜ்மகாலுக்கு அன்று நாங்கள் போகவில்லை என்றால் சிலர் வியப்பர். யமுனையைக் கடந்து கிழக்குக் கரையில் இதிமத்-உத்-தௌலாவின் சமாதிக்குப் போனோம். ஜஹாங்கீரின் அரசியார் நூர்ஜகான் தம் தந்தைக்காக 1622 முதல் 1628 வரை எழுப்பிய பளிங்கு மாளிகை அது. ஊரார் அதனைக் குட்டித் தாஜ் என்கிறார்கள். எங்களுக்கு அப்பெயர் பிடிக்கவில்லை. தாஜ்மகாலின் பணி தொடங்கியது 1632 வாக்கில். அக்காளைத் தங்கையின் பெயரால் அழைப்பது என்ன முறை? சுவர் முழுதும் வெண்பளிங்கில் மஞ்சளும் பழுப்பும் கருமையுமாக வண்ணக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். பூச்சாடியும் சைப்ரஸ் மரமும் ஒருபுறம் இருக்க, விண்மீன் பின்னல்கள் அடுக்கடுக்காகப் போகின்றன. பளிங்குச் சாளரங்களின் வழியே உள்ளே விழும் வெயில், அப்பின்னலைத் தரையில் சாய்த்து எழுதுகிறது. நாங்கள் அரைமணி நேரம் வரைவதற்குள் தரைக்கோலம் ஒரு சாண் நகர்ந்துவிட்டது. மகள் கல்லை விட்டுவிட்டு நிழலை வரைந்தாள்.

இங்கே வரைவோர்க்கு ஒரு நுட்பம். கற்பின்னலில் கல் ஒரு வடிவம், துளை ஒரு வடிவம். கல்லைக் கோடாக வரைவதைவிடத் துளைகளைக் கருமையால் நிரப்புவதே நலம் என்பது எங்கள் கருத்து. துளையை நிரப்பினால் கல்லின் அகலம் தானே அமைந்துவிடும். எந்தச் சட்டம் எங்கே தடிக்கிறது என்பதும் புலப்படும். கோலத்தில் மாவு விழுந்த இடமே கோலம். இங்கோ எடுத்தெறிந்த இடமே சித்திரம்.

முகலாயக் கட்டடங்களில் பத்து முனை விண்மீன்களும் உண்டு. அத்தகைய ஒன்றின் படத்தையும் ஊருக்கு அனுப்பினோம். அன்னையார் தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி இரண்டு நாள் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள், “அது நம்ம புள்ளிக்குள்ள நிக்காதுட்டி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தீர்ப்பு சரியே. நேர்ப்புள்ளியில் நான்கு முனை பொருந்தும். சற்று நீட்டிக் குறுக்கினால் எட்டும் வரும். ஊடுபுள்ளியில் ஆறு பொருந்தும். ஒரே சீராகப் பரப்பிய எந்தப் புள்ளித் தளமும் ஐந்து முனைக்கும் பத்து முனைக்கும் இடங்கொடாது என்பது கணித வல்லார் நிறுவிய முடிவு. அவர் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மேல் பயிலாதவர்.

புளியங்கொட்டை என்றோமே, அதற்குக் காரணம் உண்டு. ஈராண்டாக அன்னையாருக்குக் கைநடுக்கம். மாவை எடுத்தால் கோடு சிதறுகிறது. ஐம்பதாண்டுக் காலம் மார்கழி மாதத்தில் ஒரு நாள் இட்ட கோலத்தை மறுநாள் இடாதவர், இன்று வாசலில் நீர் தெளிப்பதோடு நின்றுவிடுகிறார். அவர் கோலங்கள் எந்த ஏட்டிலும் இல்லை. காலையில் பிறந்து மாலையில் காலடியில் கரைவது கோலத்தின் இயல்பு என்று யாவரும் அமைந்திருந்தோம். அக்கைக்கும் ஒரு மாலை வரும் என்று எவரும் கருதவில்லை.

ஆகவே இப்போது எங்கள் வரைவேட்டில் இரண்டு பகுதிகள். முன்பக்கத்திலிருந்து தில்லியும் ஆக்ராவும், பின்பக்கத்திலிருந்து ஆச்சி. இரவு எட்டு மணிக்கு அவர் தொலைபேசியில் சொல்லுவார், மகள் வரைவாள். “பதினஞ்சு புள்ளி, எட்டு வர. நடுவுல ஒரு நட்சத்திரம். மூலைக்கு மூலை தாமர மொட்டு.” புள்ளிக்கணக்குச் சொன்னால் போதும், கற்பின்னல்களில் பழகிய மகளின் கை எஞ்சியதைப் பெரும்பாலும் தானே ஊகித்துக்கொள்கிறது. இதுவரை 41 கோலங்கள் ஏறியுள்ளன.

இவ்வழியில் இறங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில சொல்லி விடுகிறோம். ஏடு சிறிதாக, மடிமேல் நிற்பதாக இருக்கட்டும். பெரிய பலகையும் தாங்கியும் கொண்டுபோனால் காவலர் கேள்வி கேட்பார். கையடக்க நோட்டுக்கு எங்களை எவரும் தடுத்ததில்லை. நீரில் கரையாத மையுள்ள மெல்லிய முனைப் பேனா நல்லது. தில்லியின் மே மாத வியர்வையில் ஏனைய மையெல்லாம் உள்ளங்கையோடு வந்துவிடும். புள்ளிகளுக்கு மட்டும் பென்சில். ஓடும் ரயிலில் கோடு இழுக்க முயலாதீர்கள். எங்கள் துறையின் தண்டவாளம் எவ்வளவு சீரானதாயினும் பேனா அதனை ஒப்புக்கொள்ளாது. வண்டி நிலையங்களில் நிற்கும்போது புள்ளி வைத்துக்கொண்டால், வீடு சேர்ந்து முடிக்கலாம். வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. குதுப் வளாகத்தில் அலாவுதீன் கில்ஜி 1311-இல் கட்டிய அலாய் தர்வாசாவின் சாளரங்களை வரைய ஒரு காலைப்பொழுது போதும்.

சிக்குக் கோலங்கள் மட்டும் எங்கள் ஏட்டுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவை புள்ளியைச் சேர்ப்பவை அல்ல. புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி ஒரே இழையாகப் போய், புறப்பட்ட இடத்தில் முடிபவை. ஜாலிகளில் அதற்கு நேரான ஒன்றை நாங்கள் காணவில்லை. எண்ணாகச் சொல்லவும் அதில் ஒன்றுமில்லை. பிரம்மமுடிக் கோலத்தைச் சொல்லத் தொடங்கி மூன்று இரவுகள் அன்னையார் பாதியில் நிறுத்திவிட்டார். “வாயில வரல. கை தானாப் போகும், அவ்வளவுதான்” என்றார். நான்காம் இரவு அவரே ஒரு வழி சொன்னார்: “மார்கழிக்கு வாங்க. நீ பேனாவப் பிடிட்டி, நான் உன் கையப் பிடிக்கேன். நடுங்கினா நடுங்கிட்டுப் போகுது, போற வழி தெரியும்லா.”

மார்கழி முதல் வாரத்துக்கு விடுப்பு விண்ணப்பமும் இலவசப் பயணச்சீட்டுக்கான படிவமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆணை இன்னும் வரவில்லை. மகள் பின்பக்கத்தில் பன்னிரண்டு தாள்களை எண்ணி, ஒன்றிலும் எழுதாமல் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.