அரிசோனாவின் பிளவும் நாமக்கல்லின் கரடும்

அரிசோனாவிலும் நெவாடாவிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு நீண்ட வாரயிறுதி வந்தால் பாறைநிலம்தான். வெள்ளிக்கிழமை மாலையே புளிச்சோறும் பொடி தடவிய இட்லியும் வண்டியில் ஏறிவிடும். மறுநாள் காலை பேஜ் நகரத்துக்கு வெளியே ஆன்டிலோப் கேன்யனின் வாசலிலோ, யூட்டாவின் சையன் தேசியப் பூங்காவிலோ குடும்பம் நிற்கும். இவர்களில் சேலம், நாமக்கல் பக்கத்தவரும் உண்டு. ஊரில் பிறந்து வளர்ந்த காலம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் இருந்த கரட்டின்மேல் ஒருமுறைகூட ஏறிப் பார்க்காதவர், இங்கே ஒரு மணற்கல் பிளவைப் பார்க்க ஆறேழு மணிநேரம் வண்டி ஓட்டுகிறார். அந்தக் கல் அழகு, நம் கல்லில் அழகில்லை என்று இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஒரு பாறை பார்க்கத்தக்கதாக ஆவதில் பாறைக்குப் பாதிப் பங்குதான்; மீதி, அதைச் சுற்றி ஒரு சமூகம் செய்துவைத்திருக்கும் வேலை. அந்த வேலையைப் புகுந்த நாட்டில் கண்ணால் பார்த்தவர்கள், பிறந்த மண்ணின் கரடுகளுக்காக அதைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவும் தன் பாறைகளைத் தொடக்கத்திலேயே மதித்துவிடவில்லை. ராணுவத்துக்காக 1857–58இல் கொலராடோ ஆற்றை ஆராயப் போன ஜோசப் ஐவ்ஸ், கிராண்ட் கேன்யன் பகுதியை ஒரு லாபமும் இல்லாத இடம் என்றும், தங்களுக்குப் பிறகு வெள்ளையர் யாரும் அங்கே வரப்போவதில்லை என்றும் தன் அறிக்கையில் எழுதிவைத்தார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பவல் 1869இல் அதே ஆற்றில் படகில் இறங்கிப் போய், அந்த ‘லாபமற்ற’ இடத்தை அடுக்கடுக்காக வாசித்துக் காட்டினார். 1908இல் அது தேசிய நினைவுச்சின்னம் ஆயிற்று. 1919இல் தேசியப் பூங்கா. கல் மாறவில்லை, அறுபது ஆண்டுகளில் பார்வை மாறியது. ஆன்டிலோப் கேன்யனின் கதை இன்னும் நெருக்கமானது. அது நவஹோ மக்கள் ஆடு மேய்த்த நிலம். 1997 முதல் அது நவஹோ பழங்குடிப் பூங்கா; நவஹோ வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. அதே 1997 ஆகஸ்ட் 12 அன்று, பல மைல் தள்ளிப் பெய்த மழை வெள்ளமாகப் புகுந்து கீழ்ப்பிளவில் இருந்த 11 பேரைக் கொண்டுபோயிற்று; பிளவு இருந்த இடத்தில் பெய்த மழை சொற்பம். பிறகு, பாறையில் போல்ட் போட்டு இறுக்கிய ஏணிகளும் வானிலை எச்சரிக்கை ஏற்பாடுகளும் வந்தன. சேர்வராயன் மலையில் பெய்த மழை திருமணிமுத்தாற்றில் இறங்கிச் சேலம் நகரத்துக்குள் புகுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வெள்ளத்தின் சுபாவத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிளவுக்குள் என்ன இருக்கிறது? இரு பக்கச் சுவரிலும் சாய்ந்து சாய்ந்து ஓடும் மெல்லிய கோடுகள். அவை சுமார் 18, 19 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த மணல்மேடுகள். காற்று எந்தப் பக்கம் வீசியதோ அந்தப் பக்கம் சரிந்த மணல், அப்படியே இறுகிக் கல்லாயிற்று. அந்தக் கல்லை மழைவெள்ளம் மணலையும் கூழாங்கல்லையும் வாரிக்கொண்டுவந்து அறுத்த தடம்தான் பிளவு. நவஹோ மணற்கல் என்று பெயர்; சையனின் நெட்டைச் சுவர்களும் இதே கல். தேசியப் பூங்காக்களில் ‘ஜூனியர் ரேஞ்சர்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு சிறு பயிற்சிப் புத்தகம் தருவார்கள். பாறையைப் பார்த்து வரைந்து, கேள்விகளுக்கு எழுதி, நடந்து முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், பூங்கா ஊழியர் அதைத் திருத்தி, கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கச்சொல்லி, ஒரு பேட்ஜைக் குத்திவிடுவார். ராசிபுரத்திலிருந்து வந்த குடும்பத்தின் ஒன்பது வயதுப் பெண், மணற்கல் எப்படி உண்டாகிறது என்று பாட்டிக்குத் தமிழில் சொல்லும் அளவுக்கு இது வேலை செய்கிறது. பெற்றோரின் சொந்த ஊர்க் கல்லைப் பற்றி அந்தப் பெண்ணுக்குச் சொல்ல யாரும் இல்லை, எந்தப் புத்தகமும் இல்லை.

சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. சேலம்–நாமக்கல் சமவெளியின் அடிப்பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. ஆன்டிலோப்பின் மணல் காற்றில் பறந்த காலத்தை இதற்குப் பக்கத்தில் வைத்தால் அது நேற்று. இந்தக் கல்லில் ஆன்டிலோப்பைப்போல் குறுகிய பிளவு எளிதில் விழாது. மணற்கல்லைப்போல் இதை வெள்ளம் சுலபமாக அறுக்க முடியாது. வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல்போல் மேலேயிருந்து ஏடு ஏடாகக் கழன்று, மொட்டை மொட்டையாக உருண்டு நிற்கும். ஏதாவது ஒரு கரட்டின் உடைந்த பக்கத்தருகே போய்ப் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் நெளிந்து கிடக்கும். பூமிக்கடியில் வெந்து, நெருக்குண்டு, மடிந்த தடம் அது. சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையில் இரும்பும் படிகக்கல்லும் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கின்றன. நகரத்துக்கு வடக்கே சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட் வெள்ளை நரம்புகளாக ஓடுகிறது. பெயரில் சுண்ணாம்பு இருந்தாலும் அது சுண்ணாம்பு அல்ல. ஓகேனக்கல்லில் காவிரி இறங்கும் இடுக்கு, பரிசலில் போய் அண்ணாந்து பார்த்தால், அமெரிக்கக் கேன்யனுக்கு நம் பக்கத்தில் கிடைக்கும் நெருங்கிய உறவு. இவ்வளவும் அரைநாள் பயணத்துக்குள்.

‘மலையைக் கும்பிடுகிற சமூகத்துக்குப் பாறையை மதிக்க அமெரிக்கா சொல்லித்தர வேண்டுமா’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. திருச்செங்கோட்டு மலை இன்றும் முழுசாக நிற்பதற்கு அர்த்தநாரீசுவரர்தான் காரணம். நாமக்கல்லில் ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலையை நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகளும் உச்சியில் இருக்கும் கோட்டையும் காத்தன. மதுரை அரிட்டாபட்டியில் பக்தி அரசியலாகவே வேலை செய்தது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, கோயிலையும் சமணர் தடங்களையும் சுனைகளையும் சொல்லித்தான் மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஆகவே பக்தியின் பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பக்தி காப்பது கல்லின்மேல் இருப்பதை. தொல்லியல் சட்டமும் அப்படியே: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. அரசன் குடையாத, சாமி இல்லாத கரடு வருவாய்த்துறைக் கணக்கில் கல்லாங்குத்து, பாறை புறம்போக்கு. எதற்கும் உதவாத நிலம் என்ற கணக்கு அது. ஐவ்ஸ் எழுதிய அறிக்கைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கல் வேண்டும். ஆற்று மணலை அள்ளக் கட்டுப்பாடு வந்தபிறகு எம்-சாண்ட் கல்லிலிருந்துதான் வருகிறது. தேசிய நெடுஞ்சாலை 44இன் ஜல்லி வானத்திலிருந்து விழவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் ஊரில் எழும்பும் மாடிவீடுகள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கரட்டின் துண்டு இருக்கிறது. குவாரியிலும் கிரஷரிலும் கூலிக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. இதை மறைத்துவிட்டு இயற்கை அழகைப் பேசுவது அநியாயம். ஆனால் நான் கேட்பது குவாரியே கூடாது என்பதல்ல. எந்தக் கரட்டை உடைப்பது, எதை விடுவது என்று யாராவது யோசித்து முடிவு செய்திருக்க வேண்டும் என்பதுதான். அமெரிக்காவும் இதில் தவறியிருக்கிறது. பேஜ் நகரமே 1957இல் கிளென் கேன்யன் அணை கட்ட வந்தவர்களுக்காக உருவான ஊர். 1963இல் அணை அடைக்கப்பட்டதும், ஆன்டிலோப்பைப் போன்ற எத்தனையோ பக்கப் பிளவுகள் பவல் ஏரிக்குள் மூழ்கின. சமீபத்து வறட்சியில் நீர் இறங்கியபோது சில மறுபடி வெளியே வந்தன. 1934இல் முடிந்த மேட்டூர் அணையில் நீர் வற்றும்போதெல்லாம் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரங்களும் தலைகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அணைக்கு ஒரு கணக்கு இருந்தது: டெல்டாவுக்குப் பாசனம், மின்சாரம். வெடிவைத்த கரட்டின் முகத்தில் கோடு போட்டதுபோல் இறங்கும் துளைத்தடங்களைப் பார்க்கும்போது, அந்தக் கரட்டுக்காக அப்படி எதிரெதிராக வைத்துப் பார்த்த கணக்கு எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. கோயில் நீருக்கடியிலாவது இருக்கிறது; உடைத்த கரடு எந்த வறட்சியிலும் திரும்பி வராது.

‘பாதை போட்டால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பிளாஸ்டிக்கும் பாட்டிலும் வரும்’ என்பதும் உண்மைதான். கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகளே இதற்குச் சாட்சி. அதற்கான பதிலும் நவஹோ நிலத்திலேயே இருக்கிறது: உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும், எண்ணி விடப்படும் கூட்டமாக, கட்டணத்தின் பயன் அந்த மக்களுக்கே போகும்படி. ஓகேனக்கல்லில் பரிசல் ஓட்டியின் பிழைப்பு ஆற்றைச் சார்ந்திருப்பதுபோல், கரட்டில் ஆடு மேய்த்து அதன் ஒவ்வொரு சுனையும் தெரிந்தவரின் பிழைப்பு அந்தக் கரட்டைச் சார்ந்திருக்க முடியும். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அந்த மலையைப் பற்றித் தெரிந்தது எந்தப் பலகையில் எழுதினாலும் தீராது.

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் புத்தி சொல்வதா என்ற கோபத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வீடு கட்டும்போது கல்லை வாங்குகிறவர்களுக்கு, கல்லைப் பற்றிப் பேசும் பொறுப்பும் உண்டு. பேச ஒரு சாளரமும் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டமும் சிறுகனிமங்களுக்கு மாவட்ட ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும். வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காக 21 நாள் வெளியிட வேண்டும் என்பது 2016 முதல் விதி. எங்கே எவ்வளவு கல் இருக்கிறது என்பதைச் சொல்லும் அந்த அறிக்கையில், எந்தக் கல்லை விட்டுவைப்பது என்பதற்கும் ஒரு அத்தியாயம் கேட்கலாம்: மேலே குருவி, பாம்பு, சுனை, கீழே கிணறு, உடைந்த முகத்தில் படிக்கக் கிடைக்கும் 250 கோடி ஆண்டு, ஏறிப்போக ஒரு தடம், பிள்ளைகள் கையில் ஒரு தமிழ்ப் புத்தகம். நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் இந்த அறிக்கையின் அடுத்த வரைவு வெளிவரும்போது அந்த 21 நாளுக்குள் பெயர் போட்டு எழுதுங்கள். உங்கள் ஊர்க் கரட்டின் புல எண்ணை விட்டுவிடாதீர்கள்.