அந்த ஒரு நிமிட அலறல்

பாரிசில் இருக்கும் என் பேரன் போன மாதம் ஒரு பாட்டை அனுப்பி, "ஹெட்போன் போட்டுக் கேளுங்க தாத்தா" என்றான். நான் ஹெட்போனுக்கு எங்கே போவேன்? சத்தமாகவே வைத்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, "யாருக்கு என்னங்க ஆச்சு?" என்றாள்.

அலறியது ஆபி லிங்கன் என்ற கறுப்பினப் பாடகி. டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் 1960இல் நியூயார்க்கில் பதிவு செய்த 'வீ இன்சிஸ்ட்' என்ற ஜாஸ் இசைத்தட்டு அது. அதில் ஒரு உருப்படிக்கு மூன்று பாகம்: பிரார்த்தனை, எதிர்ப்பு, அமைதி. சொற்களே கிடையாது. டிரம்ஸும் அந்த அம்மாள் குரலும்தான். நடுப்பாகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் கத்துகிறார். சுருதி சுத்தம் பார்த்து வளர்ந்த நமக்கு எரிச்சல்தான் வரும். எனக்கும் வந்தது, நிறுத்திவிட்டேன்.

மறுநாள் திரும்பப் போட்டது அட்டைப்படத்துக்காக. ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று கறுப்பர்கள் உட்கார்ந்து நம்மையே பார்க்கிறார்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைக்காரச் சிப்பந்தி. அந்த வருடம் பிப்ரவரியில்தான் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையர் மட்டும் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து காபி கேட்டிருந்தார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள், கூடுதல் ஆட்களோடு. இசைத்தட்டின் கடைசி உருப்படி, தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்ததற்கான அழுகை. அந்த நாட்டு அரசாங்கம் தட்டையே தடை செய்தது.

அட்டையைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வேறு கடை. எழுபதுகளில் எனக்கு முதல் போஸ்டிங் ஒரு கிராமத்தில். ஆபீஸுக்கு எதிரே டீக்கடை. எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்கள் பியூனுக்கு மட்டும் கூரையில் செருகியிருக்கும் அலுமினியக் குவளை. அவரே கழுவி, அவரே திரும்பச் செருக வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'லிபெர்த்தே, எகாலித்தே' என்று உருப்போட்டவன் நான். மூன்று வருடம் தினம் இரண்டு வேளை அங்கே டீ குடித்தேன். நான் பெஞ்சில், அவர் வெளியே நின்றபடி. ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. கடைக்காரர் நல்ல மனுஷர், மாசக் கடைசியில் கடன் கொடுப்பார் என்பது அப்போது நான் வைத்திருந்த சாக்கு.

"பிடிச்சுதா?" என்று பேரன் கேட்டான். பிடித்தது என்று சொல்ல வரவில்லை. முழுசாகக் கேட்டேன் என்று மட்டும் பதில் போட்டேன்.

அந்தப் பியூன் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று பழைய ஆபீஸ் சிநேகிதர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.