எலும்பு எங்கே தொடங்குகிறது? ஸ்கேன் மென்பொருளின் 3டி படம் பற்றி ஒரு நீண்ட இழை

1/
ஸ்கேன் சென்டரில் தரும் டிஸ்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால், ஒரு மென்பொருள் திறக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் எலும்பு முழுக்க தந்த நிறத்தில் சுழலும். பார்க்க அழகுதான். ஆனா மக்களே, அது மெஷின் எடுத்த படம் இல்லை. மென்பொருள் வரைந்த படம். இந்த வித்தியாசம் தெரியாததால் வரும் பயத்தையும், வீண் நிம்மதியையும் தினமும் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது என் தொழில். நாள் முழுக்க இருட்டறை, ரெண்டு திரை, ஒரு மவுஸ். அதனாலேயே இந்த மென்பொருளின் வயிற்றுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நானே சின்னதாக ஒன்று எழுதிப் பார்த்தேன்.

3/
முதலில் அடிப்படை. 1971இல் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அதன் கணிதத்தை வகுத்த கார்மக்குக்கும் 1979இல் நோபல் பரிசு. ஸ்கேன் தருவது எண்கள். தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, கொழுப்புக்கு -100 பக்கம், கெட்டியான எலும்புக்கு 1000க்கு மேலும் போகும்.

4/
ஒரு ஸ்லைஸில் 512க்கு 512 புள்ளிகள். 300 ஸ்லைஸ் என்றால் சுமார் 7 கோடியே 86 லட்சம் எண்கள். ஏறக்குறைய 150 எம்பி. நீங்கள் மவுஸை அசைக்கும் ஒவ்வொரு முறையும் இவ்வளவையும் வைத்துப் படத்தை மறுபடி வரைய வேண்டும். அதனால்தான் பல மென்பொருள்களில் இழுக்கும்போது படம் மங்கலாகி, கையை எடுத்ததும் தெளிவாகிறது.

5/
இந்த எண் குவியலில் இருந்து எலும்பின் மேற்பரப்பை எப்படி எடுப்பது? 1987இல் லோரன்சன், க்ளைன் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். பெயர் 'மார்ச்சிங் க்யூப்ஸ்'. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 8 எண்களை ஒரு சிறு பெட்டியின் மூலைகளாக எடுத்துக்கொள். ஒவ்வொரு மூலையும் எலும்பா, இல்லையா என்று பார். மொத்தம் 256 சாத்தியங்கள். அதற்கேற்ப பெட்டிக்குள் முக்கோணங்களை வரை. அடுத்த பெட்டிக்குப் போ.

6/
அதே லோரன்சன் மற்ற இருவரோடு சேர்ந்து 1993இல் தொடங்கிய விடிகே என்ற இலவச நிரல் தொகுப்பைத்தான் நான் பயன்படுத்தினேன். மெனு, பட்டன், ஸ்லைடர் எல்லாம் க்யூடி என்ற இன்னொரு தொகுப்பின் வேலை. ஜன்னலின் நடுவே ஒரு செவ்வகத்தை மட்டும் விடிகே கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் கிராஃபிக்ஸ் கார்டு வரையும். '3டி ஸ்லைசர்' என்ற புகழ்பெற்ற இலவச மென்பொருளும் இந்த ரெண்டையும் வைத்துக் கட்டியதுதான்.

7/
சரி, விஷயத்துக்கு வருவோம். என் நிரலில் ஓரிடத்தில் 'எந்த எண்ணுக்கு மேல் எலும்பு?' என்று சொல்ல வேண்டியிருந்தது. 300 என்று போட்டேன். மண்டை ஓடு வந்தது. 150 என்று மாற்றினேன், ஓடு தடித்தது. 500 போட்டேன், கண்குழிச் சுவரில் ஓட்டைகள். தலை அதேதான், ஸ்கேன் அதேதான். மாறியது ஒரே ஒரு எண்.

8/
ஒருமுறை ஒரு அப்பா செல்போனில் அப்படி ஒரு படத்தோடு வந்தார். பையன் ஊஞ்சலில் இருந்து விழுந்திருக்கிறான். "சார், புள்ள மண்டையில ஓட்டை ஓட்டையா இருக்கு சார்" என்றார். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஸ்லைஸ்களைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இங்க பாருங்கண்ணே, எலும்பு மெல்லிசா இருக்கு, ஆனா முழுசா இருக்கு. ஓட்டை படத்துலதான், புள்ள தலையில இல்ல."

9/
ஏன் அப்படி? ஒரு புள்ளிக்குள் பாதி எலும்பு (500 என்று வைப்போம்), பாதி தசை (40) இருந்தால் ஸ்கேன் தருவது சராசரி, 270. எல்லைக்கோடு 300 என்றால் அது எலும்பு இல்லை என்று மென்பொருள் விட்டுவிடும். குழந்தைகளின் மெல்லிய எலும்பில் இது சகஜம்.

10/
இதற்கு நேர்மாறு இன்னும் ஆபத்து. விலகாத, முடி போன்ற விரிசலை 3டி மேற்பரப்பு மூடி வழவழப்பாக்கிவிடும். "படத்துல ஒண்ணும் இல்லையே" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஸ்லைஸில் அது இருக்கலாம்.

11/
அதனால் நல்ல மென்பொருள் 3டியைத் தனியாக விடாது. பக்கத்திலேயே மூன்று திசை ஸ்லைஸ்களும் இருக்கும். 3டியில் ஓரிடத்தைத் தொட்டால் அந்த ஸ்லைஸுக்கே கூட்டிப் போகும். மூலையில் இடம், வலம், முன், பின் காட்டும் சிறு பெட்டி கூடவே சுழலும். முதுகுப் பக்கம் திருப்பிவிட்டால் இடது வலது மாறித் தெரியும் அல்லவா, அதற்கு. இதெல்லாம் அலங்காரம் இல்லைங்க. நோயாளியின் எந்தக் கால் என்ற கேள்வி.

12/
அப்போ 3டி வேண்டாமா? ரொம்ப வேண்டும். இடுப்புக் கிண்ணம் நாலைந்து துண்டாக உடைந்தால், தொடை எலும்பின் தலையைப் படத்தில் மட்டும் நீக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கலாம். எந்தப் பக்கம் திறப்பது, தகடு எங்கே வைப்பது என்று அறுவை மருத்துவர் முந்தின நாளே யோசிக்க இது பெரிய உதவி. குடும்பத்துக்கு விளக்கவும் இதைவிட நல்ல வழி கிடையாது.

13/
நீங்கள் செய்ய வேண்டியது மூன்று:
- 3டி படத்தை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.
- எழுத்து ரிப்போர்ட்டைப் படியுங்கள். டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த மருத்துவருக்குத் தேவைப்படும்.
- அந்தக் கோப்புகளுக்குள் உங்கள் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். கண்ட வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால், "டாக்டர், இது ஸ்லைஸ்லயும் தெரியுதா?" என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.